யார் வீட்டுச் சோறு?

எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கும் பெண்ணிடம் யாரும் "எப்படி இருக்கே?" என்று கேட்க மாட்டார்கள். பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். "என்னத்தா, வத்தலும் தொத்தலுமா இருக்கே, அங்கிட்டுச் சோறு போடுறாகளா இல்லையா?" இது ஒரு ரகம். "ஆத்தாடி, என்னமா பூரிச்சிட்டா! அம்மா வீட்டுச் சாப்பாடுன்னா சும்மாவா?" இது இன்னொரு ரகம். பேச்சு அவள் உடம்பில் தொடங்கி, யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் போய் நிற்கும்.

எனக்குப் பிறந்த வீடு உச்சிப்புளிப் பக்கம். வாழ்க்கைப்பட்டது தங்கச்சிமடத்தில். நடுவில் பாம்பன் பாலம். ஏழாம் மாதம் சோறு கொண்டுவந்து, வளையல் அடுக்கி, பாலம் தாண்டி அழைத்துப் போகும் நாள்வரை என் உடம்பில் ஏறாத ஒவ்வொரு கிலோவுக்கும் மாமியார் பொறுப்பு. அதற்கப்புறம் அம்மா பொறுப்பு. அழைக்க வந்த அன்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு வந்து சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்.

மாமியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் என்னைப் பட்டினி போடவில்லை. ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் பெண்கள் உட்காருவது அந்த வீட்டு வழக்கம். அவரும் அப்படியே சாப்பிட்டார். நாங்கள் உட்காரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. தலையும் வாலும் மிஞ்சினால் அதை என் தட்டில்தான் போடுவார். அது பிரியம். ஆனால் பிரியத்தில் புரதம் கணக்காக இருக்காதே.

டயான் கோஃபி என்ற ஆய்வாளர் 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கருத்தரிக்கும் நேரத்தில் இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் எடை குறைவாக இருக்கிறார்கள், சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அது 16.5 சதவீதம்தான் என்று அதில் கணக்கிட்டிருந்தார். இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலம் முழுவதும் ஏறும் எடை சராசரியாக 7 கிலோதானாம். ஆப்பிரிக்காவைவிடப் பணம் அதிகமுள்ள நாட்டில் ஏன் இப்படி என்று கேட்டால், குடும்பத்தில் இளம் மருமகளின் இடம் எது என்பதில் போய் நிற்கிறது பதிலின் ஒரு பகுதி. அது 2005-06 தேசியக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு. நம் மாநில நிலவரம் இப்போது வேறு, அதற்கு வருகிறேன்.

முதலில் இந்த எடை என்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு பெண்ணுக்குச் சுமார் 12 கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பிள்ளை மூன்று கிலோ, கொஞ்சம் கூடக்குறைய. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் முக்கால் கிலோ. கருப்பை தானே ஒரு கிலோ பெருக்கும். மார்பு அரைக் கிலோ. ரத்தம் ஒன்றரைக் கிலோ கூடும், உடம்பில் தங்கும் நீர் இன்னொரு ஒன்றரை. மிச்சம் மூன்று, மூன்றரைக் கிலோதான் கொழுப்பு. அதுவும் பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு எடுத்துவைப்பது. "ஊதிட்டா" என்று சொல்பவர்களுக்கு இதில் எதைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று தெரியுமா, தெரியவில்லை.

சரி, எவ்வளவு ஏற வேண்டும்? சுகாதாரத் துறை செவிலியர்களுக்குக் கொடுத்த வழிகாட்டியில் 9 முதல் 11 கிலோ என்று இருக்கிறது. முதல் மூன்று மாதம் கழிந்தபின் மாதம் 2 கிலோ. இது சராசரி. இதை எல்லாருக்கும் ஒரே அளவாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அட்டவணையைத்தான் உலகத்தில் பல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அதில் பெண் எந்த எடையில் தொடங்கினாள் என்பதுதான் முதல் கேள்வி. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். 18.5 முதல் 24.9 வரை இருந்தால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5. 30-ம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9 போதும். நம் உடல்வாகுக்கு 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது என்று இந்திய மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆக இந்த எல்லைகளை இங்கே இன்னும் கொஞ்சம் இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

என் உயரம் 152 செ.மீ. தொடங்கியபோது எடை 42 கிலோ. கணக்குப் போட்டால் 18.2. அதாவது எனக்குக் குறைந்தது 12.5 கிலோ ஏறியிருக்க வேண்டும். எட்டுக்குக் கிட்டத்தான் ஏறியது. தெரு என்ன சொன்னது தெரியுமா? "வயிறு எம்புட்டுக் கச்சிதமா இருக்கு பாரு, பின்னாடி பாத்தா முழுகாம இருக்கான்னே தெரியல." பாராட்டு அது. என் நாத்தனார் 155 செ.மீ., 70 கிலோவில் தொடங்கினார். 29-ஐத் தாண்டிய பி.எம்.ஐ. அவருக்கு 15 கிலோ ஏறியது. அவருக்கும் பாராட்டுத்தான், "ரெண்டு உசுருல்ல, திங்கட்டும்." தேவைப்பட்டவளுக்கு ஏறவில்லை, தேவையில்லாதவருக்கு ஏறியது. இருவரையும் ஊர் மெச்சியது.

அப்பத்தாக்கள் ஏன் "வயித்தைக் கட்டு" என்கிறார்கள் என்பதை நான் கேலி செய்ய மாட்டேன். என் வீட்டுக்காரரின் அப்பத்தா அடிக்கடி சொல்வார், "சின்னதாப் பெத்துப் பெருசா வளக்கணும்த்தா. உள்ளாறயே வளத்துட்டா வெளிய எப்படி வரும்?" அவர் பிள்ளை பெற்ற காலத்தில் இந்தத் தீவுக்கு சாலை கிடையாது. 1914-ல் வந்த ரயில் பாலம் ஒன்றுதான். 1964 டிசம்பர் புயலில் அதுவும் உடைந்து, சரிசெய்யும்வரை படகுதான் கதி. சாலைப் பாலம் 1988-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைத் தலை சிக்கிக்கொண்டால் மருத்துவச்சியும் மாதாவும்தான் துணை. ராமநாதபுரத்துக்குப் போக விடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து போய்ச் சேராதவர்களை அவர் பெயர் சொல்லிச் சொல்வார். அந்தப் பயத்துக்கு முன்னால் குறைவாகச் சாப்பிடுவது ஒரு தற்காப்பு. வேறு எதுவும் அவர் கையில் இல்லை.

ஆனால் வயிற்றைக் கட்டினால் நடப்பது அவர் நினைத்தது அல்ல. பிள்ளை வரும் வழி எலும்பால் ஆனது. பெண் சிறுமியாக வளரும்போது கிடைத்த சாப்பாட்டில் அமைவது. அதனால்தான் 140 செ.மீ.க்குக் கீழே உயரம் உள்ளவர்களைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் சோற்றைக் குறைத்தால் அந்த வழி அகலமாகாது. பிள்ளையின் சதையும் சேமிப்பும்தான் குறையும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் எடை குறைந்த குழந்தை. குளிர் தாங்காது, நோய் தாங்காது. டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: வயிற்றில் போதாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நடுவயதுக்கு மேல் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் வருகின்றன என்று. இதை எங்கள் அப்பத்தாவிடம் சொன்னேன். "உசுரோட இருந்தாத்தானத்தா நடுவயசு" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. விரலில் துணிச் சுற்று, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி எடுக்க வேண்டும். வயிறு தள்ளும்வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் வெறும் டீயோடு கிளம்பி, கரை ஏறியபின்தான் சோறு. "பாசிக்குப் போறவளுக்கு எடை எங்கிட்டு ஏறும்?" என்று அவர்களே சிரிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் கூலி நின்று, மீன் விலை ஏறி, நாட்டுப்படகில் வரும் மீனும் கம்பெனிக்கோ சந்தைக்கோ போய்விடும். கர்ப்பத்தின் நடுமாதங்கள் அந்தக் காலத்தில் விழுந்தால், கர்ப்பிணிக்குக் கொடுக்கும் அட்டையில் எடை ஒரே எண்ணில் நின்றுகொண்டிருக்கும். நிவாரணத் தொகை வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. அது வருவதற்கு முன்பே வாங்கின கடன் காத்துக்கொண்டிருக்கும்.

மீன் பற்றி ஒன்று. கடலோரத்தில் இருந்துகொண்டே கர்ப்பிணிக்கு மீனைக் குறைக்கிற வீடுகள் உண்டு. நண்டு சூடு, கணவாய் ஆகாது, கருவாடு கூடாது என்று பட்டியல் நீளும். பிள்ளை பிறந்ததும் எல்லாம் தலைகீழ். பால்சுறாவை அவித்து, உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டாக்கி வேளாவேளைக்குக் கொடுப்பார்கள். நான் சொல்ல நினைப்பது, அந்த அக்கறையில் பாதியை முன்கூட்டியே காட்டலாம் என்பதுதான். சாளையும் நெத்திலியும் காரலும் சின்ன மீன்கள், விலை குறைவு, பாதரசம் சேர்வதும் குறைவு. பெரிய சுறாவில் அது அதிகம். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவுத் துறை. இதை என் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், வீட்டுப் பக்கமே விடமாட்டாள்.

எடை ஏறுவதை ஊர் பார்ப்பதில் எனக்கு மிகவும் பயமான இடம் ஒன்று உண்டு. சாயல்குடிப் பக்கம் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. வளையல்காரர் கையில் சோப்பு நுரை தடவி ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். புறங்கை பன் மாதிரி உப்பி, வளையல் மொளியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. சுற்றி நிற்கும் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். "கை எப்படிப் பூரிச்சிருச்சு பாரு", "மொகத்துல என்ன களை." சித்தி முகத்தில் பெருமை தாங்கவில்லை, சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள் அல்லவா. விருந்துக்கு வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் அக்கா மட்டும் சந்தனம் பூசக் குனிந்தவர், அப்படியே அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது. "தலை வலிக்குதா? கண்ணு மங்கலா தெரியுதா?" என்றார். ரெண்டு நாளாக வலிக்கிறது என்றாள். போன முறை அட்டையில் எழுதியதிலிருந்து ஒரே மாதத்தில் நாலு கிலோ ஏறியிருந்தது தெரியவந்தது. மாதத்துக்கு 3 கிலோவுக்கு மேல் ஏறினால் சந்தேகப்படு என்பது செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்; ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, இதில் ஏதோ ஒன்று இருக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது அழுத்தம் 150-க்கு 100. கர்ப்பிணிக்கு 140-க்கு 90 என்றாலே எல்லை தாண்டிவிட்டது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். 108-ல் ஏற்றி ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசிக்குக் குழாய் பொருத்த வேண்டும், மணிக்கட்டு முழுக்கக் கண்ணாடி வளையல். உடைக்கலாமா என்று நர்ஸ் கேட்டதும் சித்தி ஒரே அழுகை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் போட்ட வளைகாப்பு வளையலை உடைப்பதா? நர்ஸும் நம் ஊர்க்காரர்தானே, வளையல்களை முடிந்தவரை மேலே தள்ளித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, வீங்கிய புறங்கையில் நரம்பைத் தேடித் தேடிப் போட்டார். மருத்துவமனையிலேயே தங்கி மாத்திரை, கண்காணிப்பு. பிள்ளை சில வாரம் முன்னதாக 2.2 கிலோவில் பிறந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். ஏறியது சதை இல்லை, தண்ணீர். ஊருக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குப் பருமன் தெரிந்தால் போதும்.

வளைகுடாப் பணம் வரும் வீடுகளில் கதை வேறு மாதிரி. கீழக்கரையில் என்னோடு படித்த தோழி சொல்வாள், மாசமானது தெரிந்த அன்றிலிருந்து உம்மா நெய்ச்சோறும் பேரீச்சையுமாக அடுக்கிவிடுவார்கள், நடந்தால் திட்டு, குனிந்தால் திட்டு. ரெண்டு உசுருக்குச் சாப்பிடுவது என்றால் ரெண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்று மாதம் கழிந்தபின் கூடுதலாக வேண்டியது நாளைக்கு 350 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 12.6 சதவீதம் பேருக்குக் குறைவு. முன்பு சொன்ன ஆய்வின் காலம் இங்கே மலையேறிவிட்டது. ஒரே வரிசையில், ஒரே செவ்வாய்க்கிழமை, பாசிக்குப் போகிறவளும் நெய்ச்சோற்றுக்காரியும் எடை பார்க்க நிற்கிறார்கள். இருவரிடமும் "நல்லா சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பினால் ஒருத்திக்குச் சொன்னது பிசகு.

சோறு போடுவதில் அரசாங்கமும் ஒரு வீடுதான். 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் வரை வளர்ந்தது, அதில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடக்கம். நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். நல்ல திட்டம். ஆனால் பெட்டகம் வீட்டுக்குள் நுழைந்தபின் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பேரீச்சம்பழம் பிள்ளைகளுக்கு. நெய் மாமனார் பருப்புச் சோற்றுக்கு. டானிக் மட்டும் அவளுக்கு, அதை வேறு யாரும் குடிக்க மாட்டார்கள் என்பதால். அங்கன்வாடியில் நடக்கும் சமுதாய வளைகாப்பில் கலந்த சாதத்தை அங்கேயே உட்காரவைத்துப் போடுவது எனக்குப் பிடிக்கும். அதையாவது அவளே சாப்பிடுவாள், வரிசையாக உட்காரவைத்து எடுக்கும் போட்டோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது சென்னையிலிருந்து பேறுகாலத்துக்கு வரும் பிள்ளைகளிடம் புதிதாக ஒன்று கேட்கிறேன். "வயிறு மட்டும்தான் தெரியணும் சித்தி, கை கால் சதை போடக் கூடாது." போனில் யாரோ ஒரு நடிகை வயிற்றைத் தவிர எங்கும் ஏறாமல் நிற்கிற படம். பழைய "கச்சிதமான வயிறு"தான், ஜீன்ஸ் போட்டு வந்திருக்கிறது. பெற்றபின் பழைய பருத்திச் சேலையை மடித்து வயிற்றில் இறுக்கிக் கட்டுவது, தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று தாகத்தோடு விடுவது, இதெல்லாம் இன்னொரு நாள் எழுதவேண்டிய கதை. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரை மறுப்பதைப்போல ஒரு கொடுமை இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

போன வருஷம் கொழுந்தன் மனைவிக்கு முழுகாமல் இருந்தது. இந்தத் தடவை மாமியார் எல்லா மாதமும் கூடவே போனார். அவளுக்கு வேண்டித்தான் என்றாலும், ஏறாவிட்டால் தன்னைச் சொல்வார்கள் என்ற பயமும் இருந்திருக்கும். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை நடந்தது. 75 கிராம் குளுக்கோஸ், 140-க்கு மேல் போகக் கூடாது. அவளுக்கு 118. சும்மா உட்கார்ந்திருந்த மாமியாரிடம் "நீங்களும் பாத்துக்கங்கம்மா" என்று செவிலியர் விரலைக் குத்தினார். 260. ஒல்லியான மனுஷி, வாழ்நாளில் 45 கிலோவைத் தாண்டாதவர். அந்தச் சாலையில்லாத தீவில், கட்டின வயிற்றிலிருந்து பிறந்தவர். "எனக்கா? நான் என்னத்தைத் தின்னேன்?" என்று செவிலியரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும், கடைசிவரை காத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எட்டரை மணிக்கெல்லாம் அவர் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார், தனியாகச் சாப்பிடக் கூச்சப்பட்டு மருமகளையும் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார். ஆண்கள் வருவதற்குள் சட்டியில் நடுத்துண்டு மீன் காலியாகிவிடுகிறது. கொழுந்தன் ஒருநாள் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்று கேட்டானாம். "சாறு இருக்குல்ல, ஊத்தித் தின்னு" என்றாராம் மாமியார்.